புளூஸ் தைக்காத அண்ணைக்கு

அண்ணை,

நேற்று மகள் குசினியில் கரண்டி வைக்கிற லாச்சியைத் துப்புரவாக்க வெளிக்கிட்டாள். அவள் துப்புரவாக்கத் தொடங்கினால் வீட்டில் பாதிச் சாமான் குப்பைக்குப் போய்விடும். சுறுசுறுப்பு என் பக்கத்தால் வந்தது. எறிகிற பழக்கம் ஜேர்மன்காரரிடமிருந்து வந்தது. கரண்டிகளுக்குப் பின்னால், ஒரு மூலையில், அரக்கு நிறப் பட்டுத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று அவள் கையில் அகப்பட்டது. பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“அப்பா, உதென்ன உடைஞ்ச போத்தல்? ஆரும் கையை வெட்டப் போகினம். எறியட்டோ?”

பாய்ந்து போய்ப் பறித்தேன். என் வயதில் வேறு எவனும் அப்படிப் பாய்ந்திருக்க மாட்டான். அது உடைந்த போத்தல் இல்லை, வெட்டிய போத்தலின் கழுத்து. ஒரு விரலை மூடுகிற அளவு, விளிம்பு மழுங்கத் தேய்த்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சாராய வாசம் எப்போதோ போய்விட்டது. மழையில் நனைந்த சாவியின் மணம் போல, கம்பியின் மணம் மட்டும் மெல்லியதாக இருந்தது. இருந்ததாக நான் நினைத்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்த மணத்தோடு நீங்கள் வந்து, யன்னலோரக் கதிரையில், உங்கள் வழக்கமான இடத்தில், நீண்ட காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. அகதியாய் வந்த காலத்தில் இந்த ஊரில் பாதிப் பேரின் கடிதத்தை நான்தான் எழுதினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம் என்பதை நம்ப மறுத்தவர்கள் பலர்.

உங்களைப் பற்றி நான் மற்றவர்களுக்குச் சொல்லுவது வேறு. கெல்சென்கிர்ச்சனில் மச்சான் வீட்டுக் கூட்டத்தில் சொல்லுவது இன்னும் வேறு. பிரித்தானியாவில் உங்கள் பாட்டு வகையைக் கண்டுபிடித்தவரே நீங்கள்தான், மகாராணி திரைக்குப் பின்னால் நின்று கேட்டா என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கே எழுதும்போது கையைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: அமெரிக்கக் கறுப்பு மக்களின் துயரப் பாட்டை உங்கள் நாட்டில் முதன்முதலாக எடுத்து வாசித்த ஒரு கைப்பிடிப் பேரில் நீங்களும் ஒருவர். கைப்பிடி என்பது சோற்றுக்குச் சரி, உங்களுக்குப் போதாது. ஆகையால் முதல் ஆள் என்றே நான் வைத்துக்கொண்டேன்.

ஹம் நகரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்து மாடிவீடு. எங்கள் தலைக்கு மேலே உங்கள் வீடு. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. நான் கம்பித் தொழிற்சாலையில் வேலை. மேலே ஒரு நெட்டை மனிதர் தனியாக இருக்கிறார், இருமுகிறார், காலையில் தேத்தண்ணிக் கேத்தல் விசிலடிக்கிறது, இதற்கு மேல் எதுவும் தெரியாது. படிக்கட்டைக் கழுவும் முறை இந்தக் கிழமை யாருக்கு என்று காட்டும் பலகை உங்கள் கதவில் தொங்கிக்கொண்டே கிடந்தது, படியோ கழுவப்படவில்லை. நியாயம் கேட்கத்தான் அன்று மேலே வந்தேன். கதவைத் திறந்தது நீங்கள். உங்கள் ஜேர்மன் மொழியைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. என்னுடையதை விட மோசமான ஜேர்மனை அன்றுதான் முதலில் கேட்டேன்.

“என்ன வேலை பாக்கிறியள்?” என்று கேட்டேன்.

“நாப்பது வருசமாப் புளூஸ் செய்தனான்” என்றீர்கள்.

ஜேர்மன் மொழியில் புளூஸ என்றால் பெண்கள் உடுக்கும் மேற்சட்டை. தமிழில் நாங்கள் பிளவுஸ் என்கிறோம். இரண்டு மொழியும் சேர்ந்து சொன்ன பிறகு எனக்கு வேறென்ன விளங்கும்? படியை நானே கழுவுகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கீழே ஓடிவந்து என் மனுசியிடம் சொன்னேன்.

“மேல்வீட்டு இங்கிலிஸ்காரர் ஒரு தையல்காரரப்பா. பிளவுஸ் மட்டும்தான் தைக்கிறவராம். லண்டனில பெரிய இடத்து ஆக்களுக்கெல்லாம் தைச்ச கையாம்.” கடைசி வரி என்னுடையது.

“இஞ்சேருங்கோ, மெய்யாவோ? நத்தார்ப் பெருநாளுக்கு முதல் தைச்சுத் தருவாரோ?”

“நான் ஒரு சொல்லுச் சொன்னால் நாளைக்கே தைப்பார்.”

அந்தக் காலத்தில் சேலைக்குப் பிளவுஸ் தைக்க ஆள் தேடி மனுசி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த நாளே அரக்குப் பட்டுத் துண்டையும், அளவுக்கு ஒரு பழைய சட்டையையும் எடுத்துக்கொண்டு படியேறினா. நான் பின்னால் மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். நீங்கள் துண்டை வாங்கினீர்கள். அளவுச் சட்டையையும் வாங்கி, விரித்து, உங்கள் அகன்ற நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தீர்கள். முகத்தில் நன்றி ததும்பியது.

“நல்ல வடிவு. ஆனா எனக்குக் கொஞ்சம் சின்னன் போல கிடக்கு.”

மனுசிக்கு முகம் இருண்டுவிட்டது. விசயம் விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். சிரிப்பு இருமலாகி, படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

“நான் தைக்கிறேல்லைப் பிள்ளை. புளூஸ் எண்டது பாட்டு. பாடினனான்.”

மனுசி வெட்கத்தை மறைக்க ஏதாவது சொல்ல வேண்டுமே. “அப்ப ஒண்டு பாடுங்கோவன்” என்றா.

சிரிப்பு நின்றது. எரிகிற விளக்கை யாரோ அணைத்த மாதிரி இருந்தது.

“இப்ப பாடுறேல்லை” என்றீர்கள்.

பட்டுத் துண்டைத் திருப்பிக் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. நீங்களும் அது பரிசு என்றே வைத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து மனுசி உங்களுக்குச் சாப்பாடு அனுப்பத் தொடங்கினா. நான் உங்களை அண்ணை என்று கூப்பிட்டேன். அது எனக்குத் தெரிந்த ஏதோ பெரிய பாடகரின் பெயர் என்று நினைத்துக் கொஞ்ச நாள் பெருமைப்பட்டீர்கள். அர்த்தம் சொன்னதும் என்னைத் தம்பி என்று கூப்பிடப் பழகினீர்கள். நாங்கள் பேசியதெல்லாம் உடைந்த ஜேர்மனில்தான். ஆனால் எனக்கு எல்லாம் தமிழிலேயே ஞாபகம் நிற்கிறது. நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர் போலவே என் காதுக்குள் கதைக்கிறீர்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.

ஏன் பாடுவதில்லை என்பதைச் சொல்ல நீங்கள் கனகாலம் எடுத்தீர்கள். நானும் விடவில்லை. உங்கள் கிற்றார் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், எங்கள் அரிசிச் சாக்குகளுக்குப் பக்கத்துத் தடுப்பில், பெட்டிக்குள் கிடந்தது. அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் மரச்சட்ட இடைவெளியால் அதைப் பார்ப்பேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“அண்ணை, உது கீழே கிடந்து பூசணம் பிடிக்குது. அந்தக் கம்பியள் என்ர தொழிற்சாலையில நான் இழுத்ததாயும் இருக்கலாம். எனக்கே வயிறு எரியுது. ஏன் விட்டனீங்கள்?”

டார்ம்ஸ்டாட்டில் மாணவர்கள் நடத்திய சின்ன மண்டபம் ஒன்று, என்றீர்கள். பாடி முடிந்ததும் முன்வரிசையில் ஒரு பெடியன் எழுந்து, மிக மரியாதையாகக் கேட்டானாம்: பருத்திக்காட்டையும் அந்தப் பெரிய ஆற்றையும் பாடுகிறீர்களே, அங்கே போயிருக்கிறீர்களா? அது உங்கள் துயரமா?

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“போகேல்லை எண்டு சொன்னன். இங்கிலாந்தின்ர வடக்கில, கரி தோண்டுற ஊரில பிறந்தனான். அந்த ஆத்தைப் படத்தில பாத்ததுதான். அவன் நன்றி சொல்லிப்போட்டு இருந்திட்டான். நல்ல பெடியன். ஆனா வீட்டை வாற ரயிலில நான் என்னைக் கேட்டன். நாப்பது வருசம் ஆரின்ர துயரத்தைப் பாடிச் சாப்பிட்டனான்?”

அதற்குப் பிறகு நீங்கள் பெட்டியைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டுத் தரையில் படுத்துக் கிற்றார் பழகிய பெடியன்கள் பிறகு சொந்த விமானத்தில் பறந்தார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் ரயிலில், ஊர் ஊராக, முப்பது பேருக்கும் நாற்பது பேருக்கும் பாடினீர்கள். அதில் உங்களுக்கு வருத்தமில்லை. இந்த ஒரு கேள்விதான் உங்களைச் சாய்த்தது. பாட்டை விட்ட மனிதர் மேல்வீட்டில் நடக்கும் சத்தம் வேறு மாதிரி இருக்கும் அண்ணை. நான் கீழே படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். எப்படியாவது உங்களைத் திரும்பப் பாட வைத்துவிட வேண்டும் என்று அன்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான் என்பது ஊருக்கே தெரியும்.

உங்களைச் சிரிக்கவைக்க என் கதைகளை அவிழ்த்துவிட்டேன். இந்தியாவுக்கும் எங்கள் கரைக்கும் இடையில் உள்ள கடலை நான் நீந்திக் கடந்த கதை உங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

“பெட்டியோடையோ நீந்தினனீ?” என்று கேட்டீர்கள்.

“பெட்டியைத் தலையில வைச்சு.”

“தம்பி, இது நடந்ததோ, இல்லாட்டி நீ கட்டினதோ?”

“ஓம்” என்றேன்.

நீங்கள் சிரித்து முடிக்கும்வரை நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. அதுவோ இதுவோ என்று கேட்டால் ஓம் என்று சொல்லுகிற மனிதனை நீங்கள் அதுவரை கண்டதில்லையாம். அதற்கு முதல் இன்னொரு மயக்கமும் உங்களுக்கு இருந்தது. ஊருக்குத் தொலைபேசியில் “ஓம், ஓம், ஓம்” என்று நான் கதைப்பதைக் கேட்டுவிட்டு, நான் பெரிய தியானக்காரன், கதவைத் தட்டக் கூடாது என்று பொறுமையாகப் படியில் நின்றிருக்கிறீர்கள். நான் கத்தோலிக்கன், அது சும்மா ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் என்று தெரிந்ததும் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டீர்கள். தேத்தண்ணியா கோப்பியா என்று மனுசி கேட்டாலும் நீங்கள் ஓம்.

பிறகு தவக்காலம் வந்தது. அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பசாம் பாடுவார்கள். சிலுவையடியில் நிற்கிற மாதா தன் மகனைப் பார்த்து அழுகிற புலம்பல் அது. பெரிய வெள்ளிக்கிழமை ஹம்மில் அதைப் பாடுவது நான்தான். மன்னாரிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்ட தொண்டை என்னுடையது. தெரியாதவர்கள் மச்சானைக் கேட்கலாம். ஒரு சனிக்கிழமை பகல் குசினியில் நின்று பழகிக்கொண்டிருந்தேன். நடுவில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நீங்கள் காலுறையோடு நின்றீர்கள்.

“தம்பி, ஆர் செத்தது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை. இது பாட்டு.”

“ஆரின்ர பாட்டு? ஆர் அழுறது?”

“மாதா. மகன் செத்துப்போனார். தாய் அழுறா.”

நீங்கள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தீர்கள். மீசை, வண்டி வயிறு, கையில் வெங்காயம்.

“நீ அந்தத் தாய் இல்லையே” என்றீர்கள். நக்கலாகச் சொல்லவில்லை. டார்ம்ஸ்டாட் பெடியனின் குரல் அதற்குள் இருந்தது.

அண்ணை, என் வாழ்நாளில் நான் நிறையப் பதில் சொல்லியிருக்கிறேன். பொலிஸுக்கு, அகதி அலுவலகத்துக்கு, மாமனாருக்கு. எல்லாவற்றுக்கும் யோசித்துச் சொன்னேன். இதற்கு மட்டும் யோசிக்கவில்லை.

“நான் மாதாவே? இல்லை. எனக்குச் சிலுவையில ஒரு மகனுமில்லை. ஆனா எங்கட அம்மா செத்தநேரம் என்னால போகேலாமப் போச்சு. இஞ்சை பேப்பர் கிடையாது, அங்கை பாதை கிடையாது. ரெலிபோனில சொன்னவை. நான் அழேல்லை. கம்பி இழுக்கப் போனன். பேந்து பெரிய வெள்ளி வந்திது. மாதாவுக்கெண்டு வாயைத் திறந்தன். அப்பதான் அம்மாவுக்கு அழுதன். என்ர பேரில அழத் தெரியேல்லை அண்ணை. மாதான்ர பேரில வந்திது.”

நீங்கள் வெங்காயத்தை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டீர்கள்.

பெரிய வெள்ளியன்று பின்னேரம் கோயிலுக்கு வந்தீர்கள். கடைசி வரிசை வாங்கில், மேல்சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு இருந்தீர்கள். நான் பாடினேன். அன்றைக்குப் பாடினதுபோல் அதற்கு முன்னும் பின்னும் பாடவில்லை. இதில் கூட்டல் இல்லை. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். தொழிற்சாலை ஆண்கள், வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள், கடைக்காரர், எல்லாரும் குனிந்திருந்தார்கள். எல்லாரும் மாதாவுக்குத்தான் அழுதார்கள் என்று நினைக்கிறீர்களா?

முடிந்த பிறகு வெளியே கஞ்சி கொடுத்தார்கள். கோயில் படியில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். குளிர்ந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். நீங்களாகவே சொன்னீர்கள்.

“எனக்கு ஒரு அண்ணன் இருந்தவன். சுரங்கத்துக்குள்ள போனவன், வரேல்லை. கைக்குழந்தை ஒண்டும் இருந்திது அவனுக்கு. எங்கட வீட்டில அழுற பழக்கம் இல்லைத் தம்பி. அப்பா அடுத்த நாள் அதே சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். அம்மா சட்டை தோய்ச்சா. எனக்குப் பதினாறு வயசு. ஒரு சிநேகிதன் வீட்டில ஒரு இசைத்தட்டுப் போட்டாங்கள். அதில ஆரோ ஒரு கறுப்பு மனிசன், எனக்குத் தெரியாத ஆத்தைச் சொல்லி அழுதான். நான் அந்த வீட்டுக் கக்கூசுக்குள்ள போய்க் கதவைப் பூட்டினன்.”

கஞ்சியைக் குடித்தீர்கள்.

“அந்தப் பெடியனுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்” என்றீர்கள்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கையோடு கிற்றாரை மேலே கொண்டுவந்தோம். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. கம்பிகளின் மேல் வழுக்கிச் சத்தம் எழுப்ப நீங்கள் விரலில் மாட்டும் போத்தல் கழுத்தைக் காணவில்லை. எங்கேயோ ரயிலில் விட்டுவிட்டீர்களாம். கடையில் விற்பது சரிவராது, உண்மையான போத்தலாக இருக்க வேண்டும் என்றீர்கள். நீங்கள் கேட்டது சரியான ஆளிடம். சமாதானம் என்று சொன்ன காலத்தில் ஊருக்குப் போய்வந்தவர் கொடுத்த பனஞ்சாராயப் போத்தல் ஒன்று என் அலுமாரியில் இருந்தது. முதலில் அதைக் காலியாக்க வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டத்தை இருவரும் பகிர்ந்துகொண்டோம். பிறகு நூலை மண்ணெண்ணெயில் நனைத்துக் கழுத்தில் கட்டி, கொளுத்தி, குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினேன். கத்தியால் வெட்டினதுபோல் பிரிந்தது. அதற்கு முன் பழகப் பாவித்த மனுசியின் எண்ணெய்ப் போத்தல்கள் பற்றி இங்கே பேச வேண்டாம். விளிம்பை நீங்களே உட்கார்ந்து தேய்த்தீர்கள். விரலில் போட்டு, கம்பியில் வைத்து, ஒரு இழுவை இழுத்தீர்கள். குசினிக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. மனுசி அடுப்பைக் குறைத்தா.

அடுத்த ஞாயிறு மகளுக்கு முதல்நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கெல்சென்கிர்ச்சனில் மண்டபம் எடுத்து, மச்சான் ஆட்கள், பலகாரம், வீடியோக்காரன் என்று ஊர் மெச்ச நடத்தினேன். ஒலிவாங்கியைக் கையில் எடுத்து அறிவித்தேன்: பிரித்தானியாவில் இந்தச் சங்கீதத்தைத் தொடக்கிவைத்த மாமேதை, என் சொந்த அண்ணை, இப்போது பாடுவார்.

“ஆரப்பா உந்த நெட்டை?” “கேக் எப்ப வெட்டுறது?” “மாமா கூட்டிக்கொண்டு வந்தவர் எண்டால் விமான ஓட்டியாயும் இருப்பார்.” எல்லாம் உங்களுக்கும் கேட்டது, அர்த்தம்தான் தெரியவில்லை.

நீங்கள் கதிரையில் இருந்து, மடியில் கிற்றாரை வைத்து, தொடங்கினீர்கள். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் ஓடினார்கள், பெண்கள் பலகாரத் தட்டை நீட்டினார்கள். ஆற்றுப் பாட்டு ஒன்று பாடினீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்தது வேறு. மெதுவாக, நிலத்துக்குக் கீழே இருந்து ஒருவன் கதவைத் தட்டுகிற மாதிரி. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது, சகோதரன். அது திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் முடிந்த இடத்தில் நீங்கள் வாயை மூட, போத்தல் கழுத்து கம்பியில் மேலே ஏறி மிச்சத்தை அழுதது. மண்டபம் எப்போது அடங்கியது என்று தெரியாது. பிள்ளைகள் கூட நின்றுவிட்டார்கள். மச்சான், ஒருவருக்கும் லேசில் தலையாட்டாத மனிதன், என் காதுக்குள் சொன்னான்:

“அத்தான், இது எங்கட பசாம் எல்லோ.”

முடிந்ததும் கை தட்டுவதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. கோயிலில் தட்டமாட்டோமே. மனுசிதான் எழுந்துபோய் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தா. அந்தப் பாட்டை அன்றுதான் கட்டியதாக வீட்டுக்கு வரும் ரயிலில் சொன்னீர்கள். அத்தனை வருசத்தில் அண்ணனைப் பற்றி ஒரு பாட்டு இல்லை, அது முதல்.

அதுவே கடைசி என்று யாருக்குத் தெரியும்? வீடியோக்காரப் பெடியன் அந்நேரம் சாப்பிடப் போயிருந்தான். கேக் வெட்டினதிலிருந்து எல்லாம் படத்தில் இருக்கிறது. நீங்கள் இல்லை.

இலையுதிர் காலத்தில் நெஞ்சு வருத்தம் உங்களை ஆசுப்பத்திரியில் கிடத்தியது. மூக்கில் குழாய். மத்தியானங்களில் வேலை முடிந்து வருவேன். பட்டுத் துண்டில் சுற்றிய பொட்டலத்தை என் கையில் வைத்தீர்கள். அந்தப் பிளவுஸ் துண்டில்தான் அதை வைத்திருந்தீர்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“தம்பி, என்ர செத்தவீட்டுச் சடங்கில சீடி போடுவாங்கள். இந்த நாட்டில அப்பிடித்தான். என்ர பாட்டையே போடுவாங்கள். விடாதை. உயிருள்ள ஒரு தொண்டை பாட வேணும். பிழையாப் பாடினாலும் காரியமில்லை.”

“நான் பிழையாப் பாடுறேல்லை.”

“கூட்டிப் பாடுவாய்.”

“அதுக்கென்ன?”

“பாடுவியோ, இல்லாட்டிக் கதை விடுறியோ?”

“ஓம்” என்றேன். குழாய்க்குள்ளால் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புத்தான் நான் கடைசியாகக் கேட்டது.

உங்கள் சடங்குக்கு ஆயிரம் பேர் வந்தார்கள், விமானம் வைத்திருந்தவர்கள் வரிசையாக நின்றார்கள் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது அண்ணை. ஒரு வாங்கு நிரம்பவில்லை. நான், மனுசி, மகள், கீழ்வீட்டுக்காரி, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பெண். உங்கள் அண்ணனின் மகளாம், அந்தக் கைக்குழந்தை, தலை நரைத்திருந்தது. கறுப்புச் சட்டை போட்ட சடங்குக்காரர் சீடியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த டெர்மின் இருக்கிறது, வேறொரு சடங்குக்கு நேரம் குறித்தாயிற்று, சுருக்கமாக முடிக்கவேண்டும் என்றார். சீடியை அந்தப் பெண்தான் கொண்டுவந்திருந்தா. நான் அவவிடம் போய், என் ஜேர்மனிலும், மகள் உங்களிடம் பழகிய ஆங்கிலத்திலுமாக, உங்கள் சொல்லைச் சொன்னேன். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தா. உங்கள் பார்வையேதான். சரி என்று தலையாட்டினா.

சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பசாம் தொடங்கினேன். கோயிலில் நூறு பேர் அழும்போது பாடுவது லேசு. வெறும் வாங்குகளைப் பார்த்துப் பாடிப் பாருங்கள். மகனே என்று வருகிற இடத்தில் எனக்கு வாயில் அண்ணை என்று வந்துவிட்டது. அத்தோடு தொண்டை உடைந்தது. உடைந்த தொண்டைக்குப் பசாமின் வழி மறந்துபோய், கெல்சென்கிர்ச்சன் மண்டபத்தில் கேட்ட வழியில் போனது. நிலத்துக்குக் கீழே இருந்து தட்டுகிற அந்த மெட்டு. சொல் தெரியாது. அண்ணை, அண்ணை என்றுதான் பாடினேன். போத்தல் கழுத்து ஏறுகிற இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஏறினேன்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் மகளைப் பிடித்துக்கொண்டு கேட்டா, கடைசியில் பாடியது என்ன பாட்டு என்று.

“உங்கட அப்பாவுக்கு அவர் கட்டின பாட்டு எண்டு சொல்லு” என்றேன். மகள் சொன்னாள்.

அப்படி ஒரு பாட்டு இருப்பது அவவுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அவவின் அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லையாம். இசைத்தட்டில் இருக்கிறதா, நாடாவில் இருக்கிறதா என்று கேட்டா. எங்கேயும் இல்லை என்றேன். இன்னொரு முறை பாடச் சொன்னா. மரங்களின் கீழே, மழைத் தூறலில், அந்த இங்கிலிஸ்காரிக்கு அவவின் தகப்பன் பாட்டை நான் பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் விடவில்லை.

அன்றிலிருந்து இது என் பொறுப்பாகிவிட்டது அண்ணை. மண்டபத்தில் கேட்டவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். நல்லா இருந்தது என்கிறார்கள். மெட்டு ஒருவருக்கும் ஞாபகமில்லை. தொழிற்சாலையில், கம்பி சுற்றும் இரைச்சலுக்குள், தினமும் ஒருமுறை வாய்க்குள் பாடிவைக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் நீளுகிறதோ என்று பயம். என்னை உங்களுக்குத் தெரியும். ஒரு மீனைப் பிடித்தால் வீட்டுக்கு வருமுன் அது சுறாவாகிவிடும். நீங்கள் வேறு யாரிடமாவது அதைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அன்று மண்டபத்தில் நான்தானே நின்றேன்.

நேற்று போத்தல் கழுத்தை விரலில் போட்டுப் பார்த்தேன். விரலின் முதல் மூட்டைத் தாண்டி இறங்கவில்லை. மகள் லாச்சியை மறந்து கதிரையில், உங்கள் கதிரையில், உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, என்ர முதல்நன்மைக்குப் பாடின தாத்தான்ரையோ இது? அந்தப் பாட்டை ஒருக்காப் பாடுங்கோவன்.”

பாடினேன். அண்ணை என்று தொடங்கி, ஏறவேண்டிய இடத்தில் ஏறி, முடியும் இடத்தில் முடித்தேன். அவள் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு வயதுக்காரியிடம் எதையும் ஒளிக்க முடியாது.

“அவர் இப்பிடியேதான் பாடினவரோ, இல்லாட்டி நீங்கள் கூட்டிப் பாடுறியளோ?”

“ஓம்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. போத்தல் கழுத்தை என் விரலிலிருந்து மெதுவாகக் கழற்றி, தாயின் பட்டுத் துண்டில் சுற்றி, லாச்சிக்குள் திரும்ப வைத்தாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு கரண்டிகளை அடுக்கும்போது, சத்தம் வெளியே வராமல், வாயை மூடிக்கொண்டு, அந்த ஏறுகிற இடத்தை மட்டும் ஒருமுறை மூக்கால் பாடிப் பார்த்தாள்.